குடிநீர் வழங்கலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: குளோரின் போட்டால் மட்டும் போதாது

2000-ம் ஆண்டு மே மாதம், கனடாவின் வாக்கர்டன் என்ற சிறிய ஊரில் குழாய்த் தண்ணீரைக் குடித்து 7 பேர் இறந்தார்கள். 2,000-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். கனமழையில், பக்கத்துப் பண்ணையின் சாணத்திலிருந்த கிருமி ஆழமில்லாத ஒரு கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. குளோரின் சரியாக இருந்திருந்தால் அது செத்திருக்கும். ஆனால் அங்கே தினமும் அளந்து பார்க்காமலேயே பதிவேட்டில் எண்களை எழுதிவந்தார்கள்.

குளோரின் போடுவது வேறு, தண்ணீரில் அது மிஞ்சியிருப்பது வேறு. பலரும் தவறுவது இங்கேதான். போட்டதெல்லாம் கிருமிக்கே போவதில்லை. கலங்கல், பாசி, இரும்பு எல்லாம் பங்கு கேட்கும். படிகாரம் போட்டுத் தெளியவைத்து வடிகட்டாமல் குளோரினை மட்டும் கூட்டிக்கொண்டே போவது வீண். அப்புறம், கலந்தபின் 30 நிமிடமாவது விட வேண்டும். கலந்த கையோடு வால்வைத் திறந்தால் முதல் தெருவுக்குக் கிருமியும் சேர்ந்தே போகும். வாய் கட்டாத மூட்டையில், குளோரின் தரும் ப்ளீச்சிங் பவுடரின் வீரியம் நாளுக்கு நாள் இறங்கும். பழைய பவுடரையும் அதே அளவு அள்ளிப் போடுவது கணக்கைக் கெடுத்துவிடும்.

சரி, எங்கே அளப்பது? தொட்டியடியில் மட்டும் அல்ல, கடைக்கோடி வீட்டுக் குழாயிலும். சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து, குளோரினைக் காட்டிக்கொடுக்கும் டிபிடி (DPD) மாத்திரையைப் போட்டால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாக மாறும். மிஞ்சியிருக்கும் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது வேண்டும். தொட்டியடியில் நிறம் வந்து கடைக்கோடி வீட்டில் வரவில்லையென்றால், வழியில் அழுக்கு கலக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

நேரம் வைத்துத் தண்ணீர் விடும் ஊர்களில் இந்தச் சந்தேகம் எப்போதும் இருக்க வேண்டும். விநியோகம் நின்றதும் குழாயில் அழுத்தம் போய்விடும். விரிசல் வழியே சாக்கடை உள்ளே கசியும். வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சினால் நிலைமை இன்னும் மோசம்.

ஆழ்துளைக் கிணற்று நீர் கண்ணாடி போல் இருக்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. புளோரைடும் ஆர்சனிக்கும் கண்ணுக்குத் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். அவை இருக்கின்றனவா என்பது சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

"மருந்து வாடை அடிக்கிறது" என்று மக்கள் சொன்னதும் குளோரினைக் குறைத்துவிடுகிறார்கள். குறைக்கும் முன் கடைசி வீட்டில் ஒரு தடவை அந்த மாத்திரையைப் போட்டுப் பாருங்கள்.