படிச்சுக்கிட்டே ஃப்ரீலான்ஸ் வேலை: கைல இருக்க போன வச்சே சமாளிக்கிறது எப்புடி

நம்ம பக்கம் காலேஜ் போய்க்கிட்டே வெளி வேலை பாக்குறவங்க இப்ப நெறைய ஆயிட்டாங்க, ராமேஸ்வரம் லாட்ஜுக்கு ரேட் கார்டு, கீழக்கரைல டிராவல்ஸ் வச்சிருக்க காக்காவுக்கு (முஸ்லிம் அண்ணன்மார அங்க அப்புடித்தான் கூப்புடுவாக) போஸ்டர், கருவாட்டு யாவாரத்துக்கு ரீல்ஸ், தமிழ் டைப்பிங், கல்யாண பத்திரிகைன்னு ஏதாச்சும் ஒண்ணு கைல இருக்கு. இதுல வேலை தெரியாம பார்ட்டிய, அதாவது வேலை குடுக்குறவங்கள, விட்டவங்க கம்மி. தேதி மறந்து, ஃபைல் எங்க கெடக்குன்னு தெரியாம, யார்ட்ட எம்புட்டு பாக்கின்னு கணக்கு இல்லாம விட்டவங்க தான் ஜாஸ்தி. லேப்டாப் இல்லேன்னா பரவால்ல, ஆண்ட்ராய்டு போன் போதும், நான் சொல்ற அஞ்சு ஆப்பும் ஃப்ரீ தான், பாதி ஏற்கனவே போன்லயே இருக்கும். இதுக்கு மேல இறக்காதீங்க, ஆப்பு கூடுனா எதுல எத எழுதுனோம்ங்கிறதே ஒரு தனி வேலையாயிரும்.

முதல்ல காலண்டர்

கூகுள் காலண்டரத் தொறங்க. பார்ட்டி குடுத்த தேதிய இப்ப போடாதீங்க, அதுக்கு முன்னாடி உங்களால வேலை பாக்க முடியாத நாளப் போடுங்க: இன்டர்னல், பிராக்டிகல், செமஸ்டர் எல்லாம் செவப்பு கலர்ல. அடுத்து ஊரோட தேதி, இத தான் யாரும் போடுறதில்ல. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் நம்ம கிழக்குக் கடற்கரைல விசைப்படகு கடலுக்குப் போகாது, தடைக்காலம். மீன் கம்பெனி, ஐஸ் கம்பெனி, அத நம்பி இருக்க கடைன்னு எல்லார் கைலயும் காசு இறுகிப்போயிரும், உங்களுக்கு செமஸ்டரும் கிட்டத்தட்ட அப்பத்தான் வரும். அதனால ஏப்ரல் 1-ந் தேதி "பாக்கி எல்லாத்தையும் கேளு"ன்னு ஒரு ரிமைண்டர் போட்டு, ரிப்பீட்ல வருசா வருசம்னு குடுத்துருங்க.

ஆனா ஆடி அமாவாசை, தை அமாவாசை, ஏர்வாடி தர்கா சந்தனக்கூடு, ரம்ஜான் இதுக்கெல்லாம் ரிப்பீட் போட்டுறாதீங்க, தேதி வருசத்துக்கு வருசம் மாறும், காலண்டர் பாத்து ஒவ்வொரு வருசமும் கையால தான் போடணும். இதுக்கெல்லாம் ஒரு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே லாட்ஜுக்காரவுகளும் கடைக்காரவுகளும் பேனர் கேட்டு வருவாக, அப்ப கை காலியா இருக்கணும்.

இதெல்லாம் போட்டதுக்கு அப்புறம் தான் வேலை. பிளஸ் பட்டன அமுக்கி, ஆல் டே ஆன் பண்ணி, "காக்கா டிராவல்ஸ் போஸ்டர்" மாதிரி பேர் போடுங்க. பார்ட்டி வெள்ளிக்கிழமை கேட்டா நீங்க வியாழக்கிழமைல போடுங்க, ஏன்னா மாசாந்திர பவர் கட் என்னிக்கு வரும்னு தெரியாது, நெட்டும் அன்னிக்கின்னு பாத்து காலை வாரும். நோட்டிஃபிகேஷன் ரெண்டு வைங்க, ரெண்டு நாள் முன்னாடி ஒண்ணு, அன்னிக்கு காலைல ஒண்ணு. அரை மணி நேரம் முன்னாடி மட்டும் அடிச்சா அத வச்சு என்ன பண்றது?

தனுஷ்கோடி பக்கம் ஷூட்டுக்கு போறவங்க ஒண்ணு பாத்துக்கங்க, அங்கன சில நேரம் போன் இலங்கை டவரப் புடிச்சுக்கும், டேட்டா ரோமிங் ஆஃப்ல இருக்கட்டும், இல்லேன்னா வெளிநாட்டு ரேட்ல காசு புடிச்சுரும்.

அடுத்தது வாட்ஸ்அப் பிசினஸ்

ரெண்டாவது சிம் இருந்தா அந்த நம்பர்ல வாட்ஸ்அப் பிசினஸ் தனியா போட்டுக்கங்க, சாதா வாட்ஸ்அப் அப்புடியே இருக்கும், குடும்ப குரூப்புல வர்ற குட் மார்னிங்குக்கு நடுவுல பார்ட்டி மெசேஜ் முங்கிப் போகாது. இதுல லேபிள்னு ஒண்ணு இருக்கு, சாட்ட அமுக்கிப் புடிச்சு புது ஆர்டர், பாக்கி இருக்கு, பணம் வந்தாச்சுன்னு ஒட்டிரலாம். அப்புறம் குவிக் ரிப்ளை, ரேட்ட ஒரு தடவை டைப் பண்ணி வச்சிட்டா அடுத்த தடவை ஒரு சாய்கோடு போட்டாலே வந்து நிக்கும்.

நம்மூர்ல யாரும் டைப் பண்ண மாட்டாக, வாய்ஸ் தான் அனுப்புவாக, அதுவும் வண்டி ஓட்டிக்கிட்டே. அத கேட்டுட்டு சரிண்ணேன்னு விட்டுறாதீங்க, நீங்களே டைப் பண்ணி திருப்பி அனுப்புங்க: "அண்ணே, 6க்கு 4 பேனர், ரெண்டு போட்டோ, போன் நம்பர் கீழ, சனிக்கிழமை வேணும், 600 ரூவா, 300 அட்வான்ஸ், கரெக்ஷன் ரெண்டு தடவை. சரின்னா ஓகே போடுங்கண்ணே." அந்த ஓகே வந்ததும் அந்த மெசேஜ ஸ்டார் பண்ணி வைங்க. பின்னாடி "நான் மூணு போட்டோல்ல சொன்னேன்"னு வரும்போது சண்டை போட வேணாம், அத அப்புடியே ரிப்ளை பண்ணா போதும்.

கேட்க வேண்டியத எழுதி வைக்க கீப்

கூகுள் கீப்ல ஒரே ஒரு செக்லிஸ்ட்: சைஸ், எழுத்து, போட்டோ, எந்த தேதி, எம்புட்டு ரூவா, அட்வான்ஸ் வந்துச்சா. புது வேலை வந்தா அத காப்பி எடுத்து பேர மாத்துங்க. அம்புட்டுதான்.

கணக்கு ஷீட்ஸ்ல

இது தான் எல்லாருக்கும் சலிப்பு, ஆனா இது இல்லேன்னா மத்தது எதுக்கும் அர்த்தம் இல்ல. கூகுள் ஷீட்ஸ்ல புது ஷீட் தொறந்து முதல் வரிசைல தேதி, யாரு, என்ன வேலை, பேசுன தொகை, வந்தது, பாக்கி, எதுல வந்துச்சுன்னு ஏழு தலைப்பு போடுங்க. பாக்கி கட்டத்துல மட்டும் பேசுன தொகைலேர்ந்து வந்தத கழிக்கிற பார்முலாவப் போட்டு கீழ வரைக்கும் இழுத்து விட்டுருங்க, தானா கழிச்சுக்கும். மூணு புள்ளி மெனுல ஆஃப்லைன் ஆன் பண்ணிட்டா நெட் இல்லாத எடத்துலயும் எழுதலாம், டவர் வந்ததும் ஏறிக்கும். வேலை பேசுன அன்னிக்கே எழுதுங்க, பணம் வந்த பெறகு எழுதலாம்னு இருந்தா பணம் வராத வேலை கணக்குலயே இருக்காது, கேக்கவும் தோணாது.

அட்வான்ஸ் கேக்க கூச்சப்படாதீங்க, சொந்தக்காரவுகளா இருந்தாலும். பாதி வாங்கிட்டு ஆரம்பிங்க, மீதி வந்ததும் ஒரிஜினல் ஃபைல், அதுவரைக்கும் குறுக்க உங்க பேர் போட்ட சாம்பிள் மட்டும்.

ஜிபேலயோ போன்பேலயோ ஸ்கிரீன்ஷாட் அனுப்புனா அத நம்பாதீங்க, பேங்க் பேலன்ஸப் பாருங்க. பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் அடிக்க வேண்டியதே இல்ல, "இந்த க்யூஆர ஸ்கேன் பண்ணு தம்பி, உனக்கு காசு வரும்"னு எவனாச்சும் சொன்னா அது திருட்டு. டேட்டா என்ட்ரி வேலை தர்றோம், மொதல்ல ரிஜிஸ்ட்ரேஷன் கட்டுன்னு கேக்குறதும் அதே ரகம் தான். காசு போயிருச்சுன்னா யோசிச்சுக்கிட்டு உக்காராம ஒடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930-க்கு போன் போடுங்க, வெரசா சொல்றதுக்கு ஏத்த மாதிரி தான் பணத்த நிறுத்தி வைக்க வழி இருக்கும். வெளியூர் கம்பெனிக்கு வேலை பாத்தா பான் கார்டு கேப்பாங்க, டிடிஎஸ் (வரிக்குன்னு சம்பளத் தொகைலயே முன்கூட்டி கழிக்கிறது) புடிச்சா ஷீட்ல அதுக்கு ஒரு கட்டம் சேத்துக்கங்க, வரி கட்டுற அளவு வருமானம் இல்லேன்னா வருமான வரி ரிட்டர்ன் போட்டு அத திருப்பி வாங்கிக்கலாம்.

ஃபைலு டிரைவ்ல

கூகுள் டிரைவ்ல 15 ஜிபி ஃப்ரீ, ஆனா ஜிமெயில், போட்டோஸ், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் சேத்து தான் அந்த 15. வாட்ஸ்அப் பேக்கப்ல வீடியோவ ஆஃப் பண்ணுங்க, எடம் மிச்சமாகும். பார்ட்டிக்கு ஒரு ஃபோல்டர், உள்ள தேதியும் வேலையும் போட்டு பேர் வைங்க. ஃபைனல், ஃபைனல் 2, ஒரிஜினல் ஃபைனல்னு வச்சீங்கன்னா பிரஸ்ஸுக்கு தப்பானது தான் போகும், நம்பர் போட்டு ஒண்ணு ரெண்டு மூணுன்னே வைங்க. டிசைன வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பாதீங்க, கம்ப்ரஸ் ஆயிரும், பிளக்ஸ்ல அடிச்சா மொகம் எல்லாம் பிசுறா நிக்கும், டாக்குமென்ட்டா அனுப்புங்க. பழைய பில்லு, கையெழுத்துல குடுத்த மேட்டர் இதெல்லாம் டிரைவ்லயே கேமராவ தொறந்து ஸ்கேன் எடுக்கலாம், கேம்ஸ்கேனர் 2020-லயே நம்ம நாட்டுல தடை ஆயிருச்சு, அதத் தேடி வேற எங்கயோ போய் இறக்காதீங்க.

பரிட்சை வந்துருச்சுன்னா

பரிட்சைக்கு பத்து நாள் முன்னாடியே புது வேலை எடுக்கிறத நிறுத்திருங்க. வாட்ஸ்அப் பிசினஸ்ல அவே மெசேஜ் இருக்கு, எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும்னு போட்டு இத ஒட்டிருங்க: "வணக்கம், செமஸ்டர் நடக்குது, 22-ந் தேதிக்கு அப்புறம் வேலை எடுப்பேன். ஏற்கனவே குடுத்த வேலைல திருத்தம் இருந்தா ராத்திரி 8 மணிக்கு மேல கூப்புடுங்க." பார்ட்டி கைய விட்டுப் போயிருமோன்னு பயப்படாதீங்க, அவசரம் உள்ளவக வேற எடம் பாத்துக்குவாக, மத்தவக 23-ந் தேதி காலைலயே வாய்ஸ் அனுப்புவாக.