கண்மாயில் தூண்டில் போடப் போய் மழையில் நனைபவர்களுக்கு

கார்த்திகையில் திருமங்கலம் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் இரண்டு தம்பிகளைப் பார்த்தேன். வாடைக்காற்று, விடாத தூறல். கரைக்கு எதிர்ப்பக்கம், தண்ணீர் வந்து சேரும் உள்வாய் ஓரமாக நாலு கம்பு நட்டு, புது நீலப் படுதாவைப் பந்தல் மாதிரி மட்டமாகக் கட்டி, காற்றுக்கு நேராக முகம் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். "திருப்பிக் கட்டுங்கப்பா"ன்னு சொன்னேன். "தூண்டில் மிதப்பு தெரியாதுண்ணே" என்றான் ஒருத்தன். பல வருஷத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

குடையை மறப்பது, போனை நனைப்பது எல்லாம் ஒருமுறை பட்டாலே புத்தி வந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

காற்றைப் பார்க்காமல் படுதா கட்டுவது

நேராக விழும் மழைக்கு ஒரு குடை போதும். ஆளை நனைப்பது காற்றோடு வரும் சாரல். ஆனால் மீன் ஆசை நம்மைக் காற்றுக்கு எதிராகத்தான் உட்கார வைக்கிறது. தண்ணீரின் மேல் மிதக்கும் இரையைக் காற்று ஒரு பக்கமாக ஒதுக்கும், கெண்டையும் ஜிலேபி மீனும் அங்கே வரும். தூண்டில் போட அது நல்ல இடம், ஒதுங்க ஆகாத இடம்.

நான் அப்படிச் சொன்ன அன்றைக்குத் தங்கச்சி மகனைக் கூட்டிப் போயிருந்தேன், ஏழு வயசு. இதே மாதிரி மட்டமாகக் கட்டிய படுதா. வாய் காற்றைப் பார்த்திருந்ததால் சாரல் உள்ளே வந்தது. மேலே நடுவில் தண்ணீர் தேங்கித் தொந்தி விழுந்தது. மூன்றுக்கு மூன்றடி இடத்தில் நாலு அங்குலம் தண்ணீர் நின்றாலே 80 கிலோவுக்கு மேல் வரும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு காற்று தூக்கிப் போட்டதில் கம்பு சாய்ந்து, அத்தனை தண்ணீரும் பிள்ளை மேல் கொட்டியது. உதடு கறுத்து, பல் கிட்டி, "மாமா, வீட்டுக்குப் போலாம்" என்பதைக்கூட அவனால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. மாற்றுச் சட்டையும் நனைந்துபோன பைக்குள்தான் இருந்தது. மூணு நாள் காய்ச்சல். அதனால்தான் மட்டமாகக் கட்டிய படுதாவைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மழையில் ஆடு மேய்ப்பவரைக் கவனியுங்கள். சாக்கைத் தலையும் முதுகும் மூடுகிற மாதிரி மடித்துக் கொங்காணி போட்டுக்கொண்டு காற்றுக்கு முதுகு காட்டித்தான் நிற்பார். ஆடுகளும் அப்படித்தான் நிற்கும். படுதாவும் அப்படி நிற்க வேண்டும். காற்று வரும் பக்கத்து ஓரத்தைத் தரையோடு முளை அடித்து, மேலே கல் வையுங்கள். மறு ஓரம் இடுப்பு உயரத்துக்கு மேல் வேண்டாம். நல்ல சாய்வு இருந்தால் தண்ணீர் தேங்காது. நைலான் கயிறு நனைந்தால் தளரும், இடையிடையே இழுத்துக் கட்டுங்கள். கயிறு வழியாகத் தண்ணீர் உள்ளே ஒழுகி வந்தால், படுதாவுக்கு ஒரு சாண் முன்னால் கயிற்றில் ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். ஓடி வரும் தண்ணீர் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே சொட்டிவிடும்.

மிதப்பு தெரியாது என்பவர்கள் தூண்டில் நுனியில் ஒரு சின்ன மணி கட்டட்டும். அந்தத் தம்பிகளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

இதைவிட நல்லது, இடத்தையே மாற்றிக்கொள்வது. நம்ம பக்கம் நிலம் பெரும்பாலும் கிழக்கே சரிவதால் கண்மாய்க் கரையும் பெரும்பாலும் கிழக்கே இருக்கும். வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும் நாளில் அந்தக் கரையின் உள்சரிவில் உட்கார்ந்தால் கரையே முதுகுக்குச் சுவர். ஆடி மேல்காற்றில் இது அப்படியே தலைகீழ், அலை கரையில் வந்து அடிக்கும். தண்ணீர் ஓடட்டும் என்று கரையில் மட்டும் பள்ளம் பறிக்காதீர்கள். அது மண் கரை, ஊருக்கே சொந்தமானது. செங்கல் அடுக்கி அதன்மேல் சாக்கு போட்டு உட்காருங்கள்.

இடி கேட்ட பிறகும் உட்கார்ந்திருப்பது

படுதா மின்னலைத் தடுக்காது. கார்பன் தூண்டில் ராடு மின்சாரம் கடத்தும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடி என்றால் அது ஒரு கிலோமீட்டரில் இருக்கிறது. அதுவரைக்கும் காத்திருக்காமல், முதல் இடி கேட்டதுமே தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுக் கரையை விட்டு இறங்கி, கட்டடத்துக்கோ காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை திரும்ப வராதீர்கள்.

ஒற்றைப் பனைமரம்

அதன் அடியில் நிற்கவே கூடாது.

ரெயின்கோட்டுக்குள் நனைவது

தூண்டிலைத் தூக்கும்போது தண்ணீர் மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கை வரைக்கும் போகும். கைப்பட்டி மேல் ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். பருத்தி பனியன் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே பாலியெஸ்டர் போடுங்கள். மாற்றுச் சட்டையும் துண்டும் இரண்டு பிளாஸ்டிக் கவருக்குள் முடிச்சுப் போட்டு இருக்கட்டும்.

கலுங்கு

கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம். அப்படி மறுகால் பாயும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கரிசலில் வண்டியை இறக்குவது

மழை பெய்தால் மண் அப்பமாக அப்பிக்கொண்டு மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இறுகிவிடும், சக்கரம் சுற்றாது. குச்சியால் தோண்டித் தோண்டி எடுத்து முடிப்பதற்குள், அதுவரைக்கும் காய்ந்திருந்த உடம்பும் நனைந்துவிடும். வண்டியைத் தார் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போங்கள்.