கண்மாயில் ஓட ஒரு காற்றுப் படகு, கையடக்கச் செலவில்

காரைக்குடிப் பக்கம் பிள்ளைகள் ரிமோட் படகு வாங்கினால் நேராகக் கண்மாய்க்குத்தான் கொண்டுபோவார்கள். கரையைவிட்டுக் கொஞ்ச தூரம் போனதும் வேலம்பாசி விசிறியைச் சுற்றிக்கொள்ளும், மோட்டார் சூடாகிப் புகையும், மறுநாள் என் கடைக்கு வரும். நான் மிக்ஸி, ஃபேன், தண்ணீர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கருகிய காயிலை மாற்றித் தந்தாலும் பாசி அங்கேயேதான் இருக்கப்போகிறது. அதனால் விசிறியைத் தண்ணீருக்குள் வைக்காத படகைச் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

காற்றுப் படகு அதுதான். அடி தட்டை, விசிறி மேலே, சுக்கானும் காற்றில். தாமரை இலைமேலும் ஏறிப்போகும். மாசியில் நீர் வற்றி ஓரம் சேறானால் அதிலும் வழுக்கிக்கொண்டு போகும். ஃபுளோரிடாவின் புல் மண்டிய சதுப்புநிலத்தில் ஆள் ஏறிப்போகும் பெரிய படகுகள் இதே காரணத்துக்காகத்தான் இப்படி இருக்கின்றன. நாம் செய்வது அதன் குட்டி.

அடிப்பகுதிக்கு ஒரு அங்குல தெர்மாகோல். 45 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலம். பெருக்கினால் 990 சதுர செ.மீ. அதாவது படகு ஒரு செ.மீ. அமிழ்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோவைத் தாங்கும். நம் படகு எல்லாம் சேர்த்து 600 கிராமுக்குள் நிற்கும் என்பதால் 6 மி.மீ. தண்ணீர் இருந்தாலே மிதந்துவிடும். முன்பக்கம் 10 செ.மீ. தூரத்துக்கு அடியைச் சரிவாகச் செதுக்கி மூக்கைத் தூக்கிவிடுங்கள். விசிறி உயரத்திலிருந்து தள்ளும்போது மூக்கு தண்ணீரில் குத்தப் பார்க்கும், அதற்குத்தான் இது.

பெட்ரோல் வாடை அடிக்கும் எந்தப் பசையும் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஸ்பிரே பெயின்ட்டும் அப்படியே. இரண்டு டியூபைக் கலந்து பூசும் எபாக்ஸி பசை போதும். சுற்றிலும் பழுப்பு பேக்கிங் டேப்பை இழுத்து ஒட்டி, அடியில் மட்டும் ஃபிளெக்ஸ் பேனர் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். செம்பறாங்கல் கரையில் உரசினாலும் தாங்கும், சேற்றிலும் நன்றாக வழுக்கும். கல்யாண பேனர் என்றால் மாப்பிள்ளை பெண் முகத்தை விட்டுவிட்டு வெறும் வாழ்த்து எழுத்து உள்ள பக்கத்தை வெட்டுங்கள். யாருக்கு எதற்கு மனவருத்தம்.

மோட்டாருக்கு ஏ2212 என்ற பிரஷ்லெஸ் மோட்டார், 1000 கே.வி. இங்கே கே.வி. என்பது கிலோவோல்ட் இல்லை, சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கு. கூடவே 30 ஆம்பியர் ஸ்பீடு கன்ட்ரோலர், 8 அங்குல விசிறி. பத்து அங்குல விசிறியில் தள்ளு விசை கூடும்தான், ஆனால் தூணும் உயரும், திருப்பத்தில் படகு கவிழும். 8 அங்குலத்துக்கு மோட்டார் அச்சு தளத்திலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருந்தால் போதும், அடியில் 2 செ.மீ. இடைவெளி கிடைக்கும்.

தூணை இரண்டு மர ஸ்கேலைச் சாய்த்து முக்கோணமாகக் கட்டுங்கள். பழைய வீட்டுச் சாமான் கடையில் பர்மாத் தேக்குத் துண்டு கிடைக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம், கனம். கால்களை நேரே தெர்மாகோலில் நட்டால் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு மெல்லிய பிளைவுட் துண்டைத் தளத்தில் ஒட்டி அதில் நிறுத்துங்கள்.

மோட்டாரிலிருந்து வரும் மூன்று ஒயரை ஸ்பீடு கன்ட்ரோலரின் மூன்று ஒயரோடு எப்படி மாட்டினாலும் ஓடும். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஏதாவது இரண்டை மாற்றிப் போடுங்கள். விசிறியில் எண் அச்சிட்ட பக்கம் படகு போகும் திசையைப் பார்க்க வேண்டும். நிறையப் பேர் இங்கேதான் கோட்டைவிட்டுவிட்டு, மோட்டாரில் சக்தி இல்லை என்று என்னிடம் வருகிறார்கள். சோதனை முழுவதையும் விசிறியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

சுக்கான் விசிறிக்குப் பின்னால், அதன் காற்று நேராகப் படும் இடத்தில். பிளாஸ்டிக் டப்பா மூடியில் வெட்டிய இரண்டு பலகை, அச்சுக்கு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, இழுக்க 9 கிராம் சர்வோ ஒன்று, அதாவது ரிமோட் சொல்கிற கோணத்துக்குத் திரும்பி நிற்கும் குட்டி மோட்டார். விசிறி நின்றால் சுக்கானுக்கு வேலையே இல்லை. பிரேக்கும் கிடையாது, ரிவர்ஸும் கிடையாது. கரை வருகிறது என்று பயந்து ரிமோட்டில் வேகத்தைக் கூட்டும் திராட்டிலை முழுக்கக் குறைத்துவிட்டால் படகு நேராகப் போய் முட்டும். லேசாக முடுக்கிக்கொண்டே திருப்ப வேண்டும்.

விசிறிக்கு முன்னால் கூண்டு கட்டாயம். ஒன்பது அங்குல ஃபேன் கூண்டு அளவுக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கும், என் கடையில் கிடக்கவும் செய்கிறது, ஆனால் அந்த இரும்பு மேலே ஏறினால் படகு சாயும். கம்பி வளையத்தில் கோழிவலையைக் கட்டினால் எடை தெரியாது.

பேட்டரி மூன்று செல் லித்தியம் பாலிமர், 2200 எம்.ஏ.எச். முழு சார்ஜில் 12.6 வோல்ட். 10.5-க்குக் கீழே இறக்காதீர்கள், குத்தவோ நனைக்கவோ கூடாது, ஓட்டாத நாளில் முழு சார்ஜில் வைத்திருக்கவும் கூடாது. 1953 முதல் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்க்காரர்கள் நாம், பேட்டரியை அலட்சியமாக வைத்தோம் என்ற பேர் வரக் கூடாது. பேட்டரியை நடுவிலிருந்து சற்றுப் பின்னுக்குத் தள்ளி, வீட்டுத் தொட்டியில் மிதக்கவிட்டுப் பாருங்கள். பின்பக்கம் ஒரு நூல் தாழ்ந்திருந்தால் சரி.

ரிமோட்டை விட்டுவிட்டுப் பார்த்தால் சார்ஜரோடு சேர்த்து ஏறக்குறைய 3,500 ரூபாய் ஆகும். ரிமோட்தான் விலை. ரிமோட் விமானம் விடுகிற நண்பர் இருந்தால் இரவல் கேளுங்கள். வெட்கமென்ன.

அப்புறம், எங்கே விடுவது? குடிதண்ணீர் ஊருணியில் வேண்டவே வேண்டாம். கால்கூட வைக்காமல் ஊர் காத்து வைத்திருக்கிற தண்ணீர் அது. கண்மாயாக இருந்தாலும் மீன் பாசி குத்தகை எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். படகு நடுவில் நின்றுவிட்டால் இறங்கிப்போய் எடுக்காதீர்கள், மண் அள்ளிய குழி எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. தூண்டில் நரம்பின் முனையில் டென்னிஸ் பந்து ஒன்றைக் கட்டி, படகுக்கு அப்பால் விழும்படி எறிந்து, நரம்பு தூணில் சிக்கும்வரை மெதுவாக இழுங்கள். பந்தும் நரம்பும் எப்போதும் பையில் இருக்கட்டும்.