கற்பனைப் பழமரம் படைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாயாஜாலக் கதை எழுதத் தொடங்குகிறவர்களின் கைப்பிரதிகளைப் படித்துக் கொடுக்கிறேன். தின்றால் நூறு வயது வாழவைக்கும் பழம், இரவில் ஒளிரும் பழம் எதுவும் எனக்குச் சம்மதம்தான். ஆனால் நான் செய்த அதே பிழைகள் திரும்பத் திரும்ப வரும்போது மனசு கேட்பதில்லை.

பெயர்

கடைசியில் வையுங்கள்.

தின்ன ஆளில்லாத பழம்

இது என் நான்கு மாத உழைப்பை வீணாக்கிய தவறு. நாவலில் ஒரு மலை முழுக்க என் மரங்கள். பழம் பூசணி அளவு, ஓடு கல் மாதிரி, மணம் கிடையாது. படித்துப் பார்த்த தோட்டக்காரப் பெரியவர், “இந்த விதையை மலை மேலே யார் தம்பி கொண்டுபோனது?” என்று கேட்டார். கதையின் பாதி அந்த மலையில்தான் நடக்கிறது. என்னிடம் பதில் இல்லை.

பழம் என்பது விதையைச் சுமப்பதற்கு மரம் கொடுக்கும் கூலி. கூலி யாருக்கோ, அவருக்கு ஏற்றபடிதான் நிறமும் மணமும் அளவும். பறவைக்கு என்றால் ஆலம்பழம் போலச் சின்னதாக, சிவப்பாக, கண்ணில் படவேண்டும். பழவௌவாலுக்கு நிறம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் மொட்டை மாடியைக் காலையில் பெருக்கினால் வௌவால் சப்பிப்போட்ட பாதாங்கொட்டை கிடைக்கும். சதை போய், நார் மட்டும் ஈரமாக ஒட்டியிருக்கும். எங்கள் தெருவில் அந்த மரமே கிடையாது.

கடைசியில் என்னைக் காப்பாற்றியது ஒரு நிஜச் செய்தி. மத்திய அமெரிக்காவில் சில மரங்களின் பெரிய பழங்கள் தின்ன ஆளில்லாமல் மரத்தடியிலேயே அழுகுகின்றன. அவற்றைத் தின்ற பெருவிலங்குகள் சுமார் 10 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன என்று டேனியல் ஜான்சென், பால் மார்ட்டின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1982இல் விளக்கம் சொன்னார்கள். என் மலைக்கும் அப்படி ஒரு பழைய விலங்கைக் கொடுத்தேன். அப்புறம் நாவலை முதல் அத்தியாயத்திலிருந்து திருத்த வேண்டியதாயிற்று.

கனம்

பலா ஏன் அடிமரத்தில் காய்க்கிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். நுனிக்கிளையில் பூசணியைத் தொங்கவிட மாட்டீர்கள்.

உலகின் கடைசி மரம்

எல்லோரும் எழுதுகிறார்கள், அது வருடாவருடம் காய்க்கவும் செய்கிறது. சரி, மகரந்தம் எங்கிருந்து வந்தது? பனையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. அத்திக்கு அதற்கென்றே உள்ள குளவி வரவேண்டும். உங்கள் மரத்துக்கு என்ன வழி என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காலம்

கொட்டை போட்டு முளைத்த மாமரமே காய்க்க 5, 6 வருடம் எடுக்கும்.