பவேரியாவில் குழுவாகப் போகிறீர்களா? பயர்ன் டிக்கெட்டைப் பாருங்கள்

ஜெர்மனியில் நண்பர்களோடு ஒரு நாள் சுற்றிவர ஆளுக்கொரு டிக்கெட் எடுக்காதீர்கள். மாநிலங்களுக்கென்று 'லெண்டர் டிக்கெட்' உண்டு. பவேரியா மாநிலத்தில் அது பயர்ன் டிக்கெட். ஒரே டிக்கெட்டில் 5 பேர் வரை போகலாம். முதல் ஆளுக்கு முழு விலை, அடுத்தடுத்த ஆளுக்குச் சிறு தொகைதான் கூடும். அதனால் ஆள் சேரச் சேரத் தலைக்குச் செலவு குறையும்.

வார நாட்களில் இந்த டிக்கெட் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும். 8.50 ரயிலில் ஏறிவிட்டால் டிக்கெட் இல்லாத பயணம்தான், அபராதம் வரும். சனி, ஞாயிறில் நள்ளிரவு முதலே செல்லும். முடிவது மறுநாள் அதிகாலை 3 மணிக்கு.

ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர விரைவு ரயில்களில் ஏறக்கூடாது. செயலியில் வழி தேடும்போது 'பிராந்திய ரயில் மட்டும்' என்று வடிகட்டிக்கொள்ளுங்கள், இதைத்தான் பலர் மறக்கிறார்கள். மியூனிக்கிலிருந்து ஃப்யூஸன் போய் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை பார்த்துத் திரும்ப இது அருமையான வழி.

அப்புறம், டிக்கெட்டில் பெயர்களை எழுத வேண்டும். குழுவில் யாரிடமாவது டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்கப் பிராந்திய ரயில்களில் செல்லும் மாதச் சந்தா) இருந்தால் அவரைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.