பல் செய்முறைத் தேர்வை ஸ்கேனரில் திருத்துகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரவுனுக்காக (பல்லின்மேல் மாட்டும் உறை) மாணவர் செதுக்கிய பிளாஸ்டிக் பல்லை ஸ்கேன் செய்து, ஆசிரியரின் மாதிரிப் பல்லோடு மென்பொருளில் ஒப்பிட்டு மதிப்பெண் போடும் முறை பரவி வருகிறது. கண்ணால் பார்த்துத் திருத்தினால் ஒரே பல்லுக்கு இரண்டு தேர்வாளர்கள் இரண்டு விதமாகப் போடுவார்கள் என்பதால் வந்த ஏற்பாடு இது. ஆனால் மென்பொருளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இரண்டு பரப்புகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி. அதை மதிப்பெண்ணாக மாற்றும் வழியில்தான் தவறுகள் நடக்கின்றன.

அவற்றில் மோசமானது, படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்தும்போது நடப்பது. 'பெஸ்ட் ஃபிட்' பொத்தானை அழுத்தினால், மொத்த வேறுபாடு எப்படி வைத்தால் குறையுமோ அப்படிப் படங்கள் படிந்துவிடும். செதுக்கிய பல்லையும் அந்தக் கணக்கில் சேர்த்தால் பிழை நாலாபக்கமும் பரவிவிடும். மாணவர் கன்னப்பக்கத்தில் 0.6 மி.மீ. கூடுதலாக எடுத்துவிட்டார், நாக்குப்பக்கம் சரியாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படம் சற்று நகர்ந்து இரு பக்கமும் 0.3 மி.மீ. கூடுதல் என்று காட்டக்கூடும். ஏற்பு எல்லையும் 0.3 என்றால் அவர் தேறிவிடுவார். சரியாகச் செய்த நாக்குப்பக்கத்தைக் குறைகூறும் குறிப்பும் அவருக்குப் போகும்.

செதுக்கிய பல்லைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, இரு பக்கமும் உள்ள தொடாத பற்களை வைத்தே பொருத்துங்கள். ரப்பர் ஈறு வளையக்கூடியது, அதையும் நம்ப வேண்டாம். பொருத்திய பின் அந்தத் தொடாத பற்களில் என்ன வேறுபாடு வருகிறது என்று பாருங்கள்; கிட்டத்தட்ட பூஜ்யமாக வராவிட்டால் மறுபடி பொருத்த வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் பல் முழுவதும் ஒரே திசையில் சாய்ந்து தெரிந்தால், டைபோடான்ட்டின் (பிளாஸ்டிக் பற்களைப் பொருத்திய பயிற்சித் தாடை) அடியில் உள்ள திருகைப் பாருங்கள். திருகு தளர்ந்து பல் திரும்பியிருந்தால், பழி மாணவரின் கைமேல் விழும்.

அடுத்தது மாதிரிப் பல். ஒரே ஆசிரியர் செதுக்கிய ஒரே பல்லைத் தெய்வமாக்குவது நியாயமில்லை. முழு உலோகக் கிரவுனுக்குக் கடியைத் தாங்கும் முகட்டில் 1.5 மி.மீ., மற்ற முகட்டில் 1 மி.மீ. எடுத்தால் போதும், பீங்கானுக்கு 1.5 முதல் 2 வரை வேண்டும். மாதிரி எந்தக் கிரவுனுக்கானது என்பது கோப்பின் பெயரிலேயே இருக்கட்டும். எதிரெதிர்ச் சுவர்களின் சாய்வு 6 பாகை என்று பாடத்தில் சொன்னாலும், நடைமுறையில் 10 முதல் 20 வரை ஏற்கிறார்கள். ஆகவே மாதிரியோடு ஒட்டிப்போகிறதா என்று பார்ப்பதைவிட, சாய்வு, ஆழம், மார்ஜின் (செதுக்கல் முடியும் விளிம்பு) அகலம் ஒவ்வொன்றுக்கும் வரம்பு வைத்து அளப்பதே எங்கள் பரிந்துரை.

சராசரி வேறுபாட்டை மதிப்பெண்ணாக்குவது இன்னொரு பொறி. ஒரு பக்கம் 0.4 கூடுதல், மறுபக்கம் 0.4 குறைவு என்றால் கூட்டிக் கழித்துப் பூஜ்யம் வரும்! வர்க்கமூலச் சராசரி (RMS: வேறுபாடுகளை வர்க்கமாக்கிச் சராசரி எடுத்து வர்க்கமூலம் காண்பது) அப்படி ஏமாற்றாது, ஆனால் பிழை எந்தத் திசையில் என்று சொல்லாது. திசை முக்கியம்: குறைவாகச் செதுக்கியதை இன்னும் கொஞ்சம் எடுத்துச் சரிசெய்யலாம், எடுத்துவிட்ட பல்லை ஒட்டவைக்க முடியாது. இரண்டுக்கும் தனித்தனியாக மதிப்பெண் குறையுங்கள்.

ஸ்கேனரின் ஒளி நேராகப் போகும் இடத்தை மட்டுமே பார்க்கும். பக்கத்துப் பல்லை ஒட்டிய மார்ஜின் நிழலில் விழுந்தால், மென்பொருள் அந்த ஓட்டையைத் தானாக நிரப்பி வழவழப்பாகக் காட்டும். நீங்கள் அந்தக் கற்பனை மார்ஜினுக்கு மதிப்பெண் போடுவீர்கள். தானியங்கி நிரப்பலை நிறுத்திவிட்டு, பக்கத்துப் பற்களைக் கழற்றி அந்த இடத்தை இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள். அதற்கு முன் தூளையும் நீரையும் காற்றடித்துப் போக்குவது அவசியம். ஓரத்தில் தங்கிய தூளும் பல்லாகவே பதிவாகும்.

பிளாஸ்டிக் பல்லுக்குப் பதிலாக, தொடு உணர்வு தரும் கணினி சிமுலேட்டரில் தேர்வு வைத்தால், அந்தக் கருவியில் முன்பே பழக விடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது பல் செதுக்கும் திறனை அல்ல, கருவியின் பழக்கத்தை.

விரல் ஊன்றுதல், உட்காரும் நிலை, வாய்க்குள் பார்க்கும் கண்ணாடியைப் பயன்படுத்தும் விதம், ரப்பர் டேம் (பல்லைச் சுற்றிப் போடும் ரப்பர் விரிப்பு) எதுவும் கோப்பில் இருக்காது. இவற்றைத் தேர்வின்போதே சரிபார்ப்புப் பட்டியலோடு கவனிக்க ஒருவர் வேண்டும். பக்கத்துப் பல்லில் பர் (செதுக்கும் சுழல்முனை) பட்ட கீறல் தெரிய, செதுக்குவதற்கு முன்பே ஒரு ஸ்கேன் எடுத்து வையுங்கள். பல்கூழ் (பல்லின் உள்ளிருக்கும் நரம்புப் பகுதி) திறந்துவிட்டால் மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் தோல்விதான் என்பதை விதியாக எழுதி முன்கூட்டியே அறிவிக்கவும்.

முடிவை வெளியிடும் முன் பத்துப் பற்களை எடுத்து, பெயர் மறைத்து, இரண்டு ஆசிரியர்களைத் தனித்தனியாகத் திருத்தச் சொல்லுங்கள். இருவரும் ஒத்துப்போய், மென்பொருளின் தரவரிசை மட்டும் வேறாக இருந்தால், முதலில் படங்கள் பொருந்திய விதத்தைத் திறந்து பாருங்கள்.