ஸ்டார் நிஜமாவே போராளியா இல்ல சும்மா சீன் போடுறாரா, கண்டுபிடிக்கிறது எப்படி

ஒரு நடிகர் சமூக அக்கறையா ஏதாச்சும் போஸ்ட் போட்டா போதும், கமெண்ட்ல ரெண்டு கோஷ்டி கிளம்பிடும், ஒண்ணு "தலைவா நீ தெய்வம்", இன்னொண்ணு "டுபாக்கூர்". ரெண்டு பேருமே எதையும் செக் பண்ணியிருக்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் கூகுள் பண்ணா போதும், எப்படின்னு சொல்றேன்.

முதல்ல அவர் பேசுற விஷயமும் அவர் காசு வாங்குற விஷயமும் நேருக்கு நேர் மோதுதான்னு பாருங்க. பங்களால இருந்துட்டு ஏழைங்களைப் பத்தி பேசுறான்னு திட்டுறதெல்லாம் வெறும் வயித்தெரிச்சல், அதை விட்டுடலாம். ஆனா அக்‌ஷய் குமார் 2018-ல தியேட்டர்ல ஓடுன விளம்பரத்துல, சிகரெட்டுக்கு போற காசுல பொண்டாட்டிக்கு நாப்கின் வாங்கிக் கொடுய்யான்னு அட்வைஸ் பண்ணாரு, அதே ஆள் 2022 ஏப்ரல்ல பான் மசாலா, புகையிலை விக்கிற விமல் பிராண்டோட இலாய்ச்சி (ஏலக்காய்) விளம்பரத்துல வந்து நின்னாரு. இது மோதுது.

உடனே ரசிகருங்க "அது வெறும் ஏலக்காய்தான ப்ரோ"ன்னு வருவாங்க. இங்கதான் கொஞ்சம் நின்னு பாக்கணும். 2003 சட்டப்படி புகையிலைக்கு விளம்பரம் பண்ணக்கூடாது, அதனால கம்பெனிக்காரன் என்ன பண்றான்னா அதே பேர்ல ஏலக்காய் பாக்கெட் போட்டு அதுக்கு விளம்பரம் பண்றான், சாராயக் கம்பெனி சோடா விக்கிற மாதிரி. சரோகேட் விளம்பரம்னு சொல்றது இதைத்தான். நம்ம மண்டைல பதியறது அந்த பேர் மட்டும்தான். ஸோ பொருளைப் பாக்காதீங்க, அந்த பிராண்ட் பேர்ல வேற என்னென்ன விக்கிறாங்கன்னு தேடுங்க.

அடுத்தது தேதி. இதுல நிறைய பேர் வழுக்கி விழுறாங்க. அக்‌ஷய் எதிர்ப்பு வந்த கொஞ்ச நாள்லயே மன்னிப்பு கேட்டு விலகிட்டாரு, ஆனா 2023 அக்டோபர்ல மறுபடி அவர் விளம்பரம் ஓடுச்சு, பழைய குருடி கதவைத் திறடின்னு எல்லாரும் கிழிச்சாங்க. அவர் சொன்ன பதில், அது 2021-லயே எடுத்தது, ஒப்பந்தப்படி அடுத்த மாசக் கடைசி வரைக்கும் கம்பெனி ஓட்டலாம்னு. அதனால வீடியோ எப்ப வந்துச்சுன்னு மட்டும் பாக்காம எப்ப எடுத்ததுன்னும் பாருங்க.

அப்புறம் காசு எங்க போச்சு? அக்‌ஷய் சம்பளத்தை நல்ல காரியத்துக்கு கொடுக்குறேன்னாரு. அமிதாப் பச்சன் 2021 அக்டோபர்ல கமலா பசந்த்ங்கிற பான் மசாலா பிராண்ட் விளம்பரத்துல இருந்து விலகுனப்போ பணத்தையே திருப்பிக் கொடுத்துட்டதா சொன்னாரு, அதுக்கப்புறமும் விளம்பரம் ஓடுச்சுன்னு கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டாரு. என்னைக் கேட்டா ரெண்டாவதுக்குத்தான் மார்க் ஜாஸ்தி, ஏன்னா "நல்ல காரியம்"னா எதுன்னு யாருக்குத் தெரியும். ஆனா சரோகேட் விளம்பரம்னு தெரியாம நடிச்சிட்டேன்னு அமிதாப் சொன்னது இருக்கே, இத்தனை வருஷம் சினிமால இருக்கறவரு சொல்றதை நம்ப மனசு வரல.

பேசுனதால அவங்களுக்கு என்ன போச்சுன்னும் பாருங்க. சாய் பல்லவி 2 கோடி ரூபா ஃபேர்னஸ் கிரீம் விளம்பரத்தை வேணாம்னு விட்டதா 2019-ல செய்தி வந்துச்சு. பாடகி சின்மயி 2018-ல மீடூல, அதாவது பாலியல் தொல்லையைப் பத்தி வெளிய சொல்ற இயக்கத்துல, பேசின கொஞ்ச நாள்லயே டப்பிங் யூனியன்ல இருந்து நீக்கிட்டாங்க, சந்தா கட்டலைன்னு காரணம் சொன்னாங்க. சும்மா ஒரு ஹேஷ்டேக் மட்டும் போடுறவங்களுக்கு பெரும்பாலும் எதுவும் போறதில்ல.

இன்னொண்ணு, ஊர் உலகத்துக்கெல்லாம் குரல் கொடுக்குறவரு சொந்த செட்டுல நடக்குறதைப் பத்தி வாயைத் திறக்குறாரான்னு பாக்கணும். மலையாள சினிமால பெண்கள் படுற பாட்டை விசாரிச்ச ஹேமா கமிட்டி அறிக்கையை 2019 டிசம்பர்லயே அரசுகிட்ட கொடுத்தாச்சு, வெளிய வந்தது 2024 ஆகஸ்ட்ல. அந்த நாலரை வருஷம் அதை வெளியிடுங்கன்னு கேட்டுட்டே இருந்தது டபிள்யூசிசி (அங்க சினிமால இருக்குற பெண்களோட அமைப்பு) பொண்ணுங்க. பெரிய ஹீரோக்கள் டைம்லைன்ல அந்த வருஷங்களைத் தேடிப் பாருங்க.

இதெல்லாம் பாத்த பிறகும் கோவம் இருந்தா மீம் போடுறதோட நிறுத்தாம புகார் கொடுங்க. 2019 நுகர்வோர் சட்டப்படி பொய்யான விளம்பரத்துல நடிச்சவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் போடலாம், திரும்ப பண்ணா 50 லட்சம் வரை. நடிகர் தன் பங்குக்கு விசாரிச்சுட்டுதான் நடிச்சேன்னு காட்டணும், சும்மா தெரியாதுன்னா செல்லாது. விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், எந்த சேனல், என்ன தேதி, பிராண்ட் பேர், இவ்வளவையும் எடுத்து வெச்சுக்கிட்டு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் போடுங்க.